ஜிம்னிக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் கிட்: பெட்டியில் வருவதும் வராததும்

மாருதி 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னியை விற்பனைக்கு விட்டபோது வீல்பேஸ் 2590 மி.மீ. ஆனது. மூன்று கதவு ஜிம்னியைவிட 340 மி.மீ. அதிகம். தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் ஒன்றே, 210 மி.மீ. இதனால் அடி வாங்கியது வண்டியின் வயிறு. மேடு தாண்டும்போது நடுப்பகுதி தட்டாமல் போகும் கோணம் மூன்று கதவில் 28 டிகிரி, ஐந்து கதவில் 24. முன் கோணம் 36, பின் கோணம் 50 என்று மற்ற இரண்டும் தாராளமாகவே இருக்கின்றன. ஆக, இந்த வண்டி மலைத்தடத்தில் திணறுகிறது என்றால் பெரும்பாலும் மூக்கும் வாலும் காரணம் இல்லை, இடுப்புதான் காரணம்.

நீளமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு வண்டியை உயர்த்துவதுதான் லிஃப்ட். இரண்டு இன்ச், அதாவது 50 மி.மீ. லிஃப்ட் போட்டால் அந்த 24 டிகிரி ஏறக்குறைய 28 ஆகிறது. மூன்று கதவு வண்டியின் கணக்குக்கே திரும்பி வந்துவிடுகிறோம். ஜிம்னிக்கு லிஃப்ட் போட இதைவிட நல்ல காரணம் கிடையாது. உயரமாக, கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பது மட்டும் தேவையென்றால் அந்தப் பணத்தை வேறெதற்காவது செலவழிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேஸிஸும் பாடியும்தான் மேலே போகும். இரண்டு சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலும் அதன் நடுவே தொங்கும், கியர்கள் அடங்கிய டிஃபரன்ஷியல் ஹவுசிங்கும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கல்லில் ஹவுசிங் மோதுகிறது என்றால் அதற்கு மருந்து டயர் மட்டுமே. கம்பெனி டயர் 195/80 ஆர் 15, விட்டம் 693 மி.மீ. அதை 235/75 ஆர் 15 ஆக மாற்றினால் 733 மி.மீ. ஹவுசிங் 20 மி.மீ. உயரும். அந்த டயர் முழுத் திருப்பத்திலும், சக்கரம் முழுதாக மேலே ஏறிய நிலையிலும் உரசாமல் இருப்பதற்குத்தான் லிஃப்ட் துணை செய்கிறது. 215/75 ஆர் 15 போதும் என்பவருக்கு லிஃப்டே தேவையில்லை.

இப்போது கிட்டுக்கு வருவோம். ஜிம்னிக்கு விற்கப்படும் 40 முதல் 50 மி.மீ. கிட்களில் பொதுவாக நான்கு காயில் ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், சிலவற்றில் காஸ்டர் புஷ் (முன் சக்கர அச்சின் சாய்வைத் திருத்தும் உறை, பின்னால் விளக்குகிறோம்), அதிகம் போனால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது முட்டும் ரப்பர்) ஸ்பேசர் இருக்கும். ஏ.ஆர்.பி.யின் ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் 4×4, டஃப் டாக், டாபின்சன்ஸ் எல்லாமே ஆஸ்திரேலியச் சரக்கு. அங்கே ஸ்பிரிங்கை எப்போதும் வண்டியில் இருக்கும் கூடுதல் எடையைக் கேட்டுத்தான் விற்பார்கள். நம் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கிடைத்ததை மாட்டிவிடுகிறார்கள். கிட்டை வாங்கும்போது செய்யும் பெரிய தவறு இதுதான். இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் சேர்ந்து முன்பக்கம் 70, 80 கிலோ கூட்டும் வண்டிக்கான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் போட்டால் லிஃப்ட் 50 சொன்ன இடத்தில் 70 மி.மீ. நிற்கும். காஸ்டர் கணக்கெல்லாம் குலையும், வேகத்தடையில் முதுகுத்தண்டு பேசும். ஐந்து கதவு ஜிம்னியின் எடையே 1200 கிலோ சுற்றளவுதான். கூடுதல் எடை இல்லாத வண்டிக்கு மென்மையான ஸ்பிரிங்கே போதும்.

ஷாக் அப்சார்பரில் மூன்று ரகம் உண்டு. நைட்ரஜன் நிரப்பிய இரட்டைக் குழாய் ரகம் நம் உபயோகத்துக்குச் சரியான பொருத்தம். ஃபோம் செல் ரகத்தில் எண்ணெய் அதிகம், நீண்ட கரடுமுரடான சாலையில் சூடேறி மங்குவது குறைவு, ஆனால் உடல் தடிமன் என்பதால் காலி வண்டியில் சற்று இறுக்கமாக இருக்கும். தனி ரிசர்வாயர் வைத்த ஒற்றைக் குழாய் ரகம் வேகமாகப் பாலைவனத்தில் ஓட்டுபவருக்கானது. முதல் கியரில் ஊர்ந்து ஏறும் மலைத்தடத்தில் அந்தப் பணத்துக்குப் பலன் தெரியாது.

இவற்றுக்கெல்லாம் கீழே, ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் நைலான் ஸ்பேசர் என்று ஒன்று விற்கிறது. மலிவு. வண்டி உயரும் என்பதும் உண்மை. ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய நீளமே. 40 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரம் கீழே இறங்கும் தூரத்தில் 40 மி.மீ. போய்விடும். குழியில் சக்கரம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றும். உயரத்தை வாங்கி, பிடிமானத்தை விற்ற கதைதான். ஆஃப்ரோடுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

அடுத்து காஸ்டர். பாதிப் பேர் கோட்டைவிடும் இடம் இது.

ஜிம்னியின் முன் ஆக்சில் ஒரே தண்டு. அதை இரண்டு நீண்ட ரேடியஸ் ஆர்ம்கள் பின்னோக்கிப் போய் சேஸிஸில் பிடித்திருக்கின்றன. வண்டி உயரும்போது ஆர்மின் முன்முனை தாழும், ஆக்சில் முன்னோக்கிச் சற்றே உருளும். முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பின்னோக்கிய சாய்வு குறையும். இதுதான் காஸ்டர் இழப்பு. விளைவு நெடுஞ்சாலையில் தெரியும்: 80 கி.மீ. வேகத்துக்கு மேல் வண்டி தானாக நேர்கோட்டில் நிற்காது, லாரி கடந்தால் ஒதுங்கும், திருப்பத்திலிருந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஏற்கெனவே கிங்பின் பேரிங் தளர்ந்திருந்தாலோ டயர் பேலன்ஸ் சரியில்லை என்றாலோ ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் இருபக்கமும் வெறிபிடித்தாற்போல் உதறத் தொடங்கும். பலர் அப்போது கனமான ஸ்டியரிங் டேம்பர் வாங்கிப் போடுகிறார்கள். அது உதறலை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

சரி செய்யும் முறை இதுதான். லிஃப்ட் போடும் முன் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் ஆக்சில் முனையில் தட்டையான ஒரு பரப்பில் டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் வைத்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் முடிந்து வண்டி சில கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்தபின் அதே இடத்தில் மறுபடி அளந்தால் வரும் வித்தியாசமே இழந்த காஸ்டர். அதை ஈடுகட்ட, துளை நடுவில் இல்லாத ஆஃப்செட் புஷ்களை ரேடியஸ் ஆர்மின் ஆக்சில் பக்கத்தில் போட வேண்டும். ஆர்முக்கு இரண்டு, மொத்தம் நான்கு. பழையதைக் கழற்ற ஹைட்ராலிக் பிரஸ் தேவை, சுத்தியல் வேலைக்கு ஆகாது. புஷ்ஷில் அம்புக்குறி இருக்கும். தலைகீழாக அழுத்தினால் காஸ்டர் திரும்புவதற்குப் பதில் மேலும் அதே அளவு குறையும். லிஃப்ட் போட்டபின் வண்டி முன்னைவிட மோசமாக அலைகிறது என்று வரும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த அம்புக்குறியைத்தான்.

இதில் பாலியூரித்தேன் புஷ் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ரேடியஸ் ஆர்ம் அமைப்பில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது அந்த முறுக்கத்தை வாங்குவது புஷ்ஷின் ரப்பர்தான். இறுகிய பாலி புஷ் போட்டால் முன் ஆக்சில் ஒருபக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் அளவு கண்கூடாகக் குறைகிறது, கொஞ்ச நாளில் கிறீச்சிடவும் தொடங்கும். ரப்பரில் செய்த ஆஃப்செட் புஷ் கிடைக்கிறது. காசு அனுமதித்தால், காஸ்டர் திருத்தத்தோடு வடிவமைத்த புதிய ஆர்ம்களில் வழக்கமான ரப்பர் புஷ்ஷையே போடுவது இன்னும் நல்லது.

காஸ்டரைத் திருப்பும்போது இன்னொரு பக்கம் விலை கொடுக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டினால் பினியன் மூக்கு கீழே குனியும். முன் ஆக்சிலுக்கு இழுவை கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (வளைந்து சுழலும் இணைப்பு) வேலை செய்யும் கோணம் கூடும். 50 மி.மீ. லிஃப்டில் இது தாங்கும் அளவு. 75, 100 என்று போனால் அதிர்வு வரும், கிராஸ் சீக்கிரம் தேயும். ஹப் விடுபட்டிருக்கும் டூ வீல் டிரைவில் முன் ஷாஃப்ட் சுற்றாது என்பதால் தார்ச்சாலை சோதனையில் இந்தக் கோளாறு தெரியாது. மண் சாலையில் ஃபோர் ஹை (நான்கு சக்கர இழுவை, சாதாரண வேகம்) போட்டு 50, 60 கி.மீ. வேகம் வரை ஓட்டிப் பார்த்தபின்தான் பட்டறையிலிருந்து வண்டியை எடுக்க வேண்டும். மூன்று, நான்கு இன்ச் கிட்களை நாங்கள் பரிந்துரைக்காததற்கு முதல் காரணம் இதுவே.

காஸ்டருக்கு அடுத்து பான்ஹார்ட் ராட். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் இந்தத் தண்டின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். வண்டி உயர்ந்ததும் ஆக்சில் ஒருபக்கமாக இழுபடும். ஃபெண்டர் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் டயர் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்தால் தெரிந்துவிடும். நீளம் மாற்றக்கூடிய ராட் முன்னும் பின்னும் போட்டு நடுவுக்குக் கொண்டுவருவது முறையான வேலை. முன்பக்கம் மட்டும் சரிசெய்து பின்பக்கத்தை விட்டால் வண்டி நண்டு போலச் சற்றே கோணலாக ஓடும். கிட் பெட்டியில் பெரும்பாலும் இந்த ராட் வராது. தனியாக வாங்க வேண்டும், பட்ஜெட்டில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பான்ஹார்ட் சரியானதும் ஸ்டியரிங் வீல் நேராக இருக்காது. வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டக் கூடாது. டிராக் லிங்க்கில் இருக்கும் சரிசெய்யும் ஸ்லீவைத் திருகித்தான் நேராக்க வேண்டும். ஸ்டியரிங் கோணத்தை சென்சார் படித்து, வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பான இ.எஸ்.பி.க்குச் சொல்கிறது. வீல் கோணலாக இருக்க வண்டி நேராகப் போனால், வண்டி திரும்புகிறது என்று இ.எஸ்.பி. நினைத்து எச்சரிக்கை விளக்கைப் போடும், சில சமயம் ஒரு சக்கரத்துக்கு பிரேக்கும் கொடுத்துவிடும். அலைன்மென்ட் கடையில் கேம்பர் சரிசெய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே தண்டு ஆக்சிலில் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) திருத்தும் வசதி கிடையாது. டோ (சக்கரங்கள் முன்னால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும், காஸ்டர் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியும்.

மாட்டும் வேலை இரண்டு பேருக்கு ஒரு முழு நாள். ஜிம்னியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி என்பதால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் தேவையில்லை. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் டிராலி ஜாக்கி வைத்து, பிரேக் ஹோஸ் கிளிப், ஏ.பி.எஸ். ஒயர் கிளிப், ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக்கின் கீழ் போல்ட், பான்ஹார்டின் ஒரு முனை என்று விடுவித்து ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். ஆக்சில் பிரேக் ஹோஸில் தொங்கிவிடாமல் பார்ப்பது முக்கியம். புதிய ஸ்பிரிங்கின் கம்பி முனை கீழ் இருக்கையின் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். சில கிட்களில் இடது வலது ஸ்பிரிங் நீளம் வேறு, ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் இறுதியாகப் பூட்டும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பல பட்டறைகள் தவிர்க்கின்றன. ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் ஆக்சிலை பம்ப் ஸ்டாப் தொடும்வரை தூக்க வேண்டும். அப்போது ஷாக்கின் தண்டு இன்னும் 10 முதல் 15 மி.மீ. உள்ளே போக இடம் இருக்க வேண்டும். இடமில்லை என்றால் மலைத்தடத்தில் ஒரு பெரிய குதிப்பில் பம்ப் ஸ்டாப்புக்குப் பதில் ஷாக்கே முட்டி, உள்ளே வால்வு உடைந்து எண்ணெய் கசியும். தீர்வு பம்ப் ஸ்டாப்புக்கு ஸ்பேசர். அப்படியே ஒரு பக்கத்தை மட்டும் மேலே, மறுபக்கத்தைக் கீழே விட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைக்கிறதா, டயர் எங்கே உரசுகிறது, ஹப்புக்குப் போகும் வேக்யூம் குழாய் இழுபடுகிறதா என்று எல்லாம் அந்த நிலையில்தான் தெரியும். ஜிம்னியின் முன் ஹப் வேக்யூமில் இயங்குவது. அந்தக் குழாய் ஒரு பக்கம் பிடுங்கிக்கொண்டால் ஃபோர் வீல் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், முன் சக்கரம் இழுக்காது. டிஃபரன்ஷியல் மூச்சுவிடும் பிரீதர் குழாயையும் இதே நேரத்தில் நீட்டி எஞ்சின் அறைக்குள் உயரத்தில் கட்டிவிடுங்கள். சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் குளிர்ந்து உள்ளே காற்றை உறிஞ்சும். பிரீதர் தாழ்வாக இருந்தால் காற்றோடு தண்ணீரும் போகும்.

ரேடியஸ் ஆர்ம், பான்ஹார்ட், ஷாக் போல்ட்களின் இறுதி முறுக்கு வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகே. சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். வண்டி இறங்கியதும் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் கிடந்து சில மாதங்களில் கிழியும். உயரமும் சொன்னதைவிட அதிகமாகக் காட்டும்.

எல்லாம் ஒழுங்காகச் செய்த வண்டி எப்படி ஓடுகிறது? நல்ல கிட்டில் கம்பெனி சஸ்பென்ஷனைவிடக் குழிகளில் சொகுசு கூடுகிறது, குறிப்பாகப் பின்பக்கத்தின் துள்ளல் அடங்குகிறது. பிரேக் அடித்தால் மூக்கு குனிவது சற்று அதிகம். கொண்டை ஊசி வளைவுகளில் சாய்வும் கூடும், ஈர்ப்பு மையம் உயர்ந்த வண்டியில் அது இயல்பு. ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அன்றே இறக்கி வையுங்கள்.

இனி எஞ்சினிலிருந்து சக்கரம் வரை உள்ள பகுதி. 1462 சி.சி. கே15பி எஞ்சினின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்கு 4000 சுற்றில்தான் முழுதாக வருகிறது, கீழே மெலிவு. மேனுவல் வண்டியில் முதல் கியர் 4.425, மெதுவாக ஊர்வதற்கான லோ ரேஞ்ச் 2.002, டிஃபரன்ஷியலின் கியர் ஜோடியான கிரௌன் பினியன் 4.090. மூன்றையும் பெருக்கினால் 36. மலையில் ஊர்வதற்கு இது சுமார்தான். 235 டயர் போட்டால் இதே எண் 34 ஆகக் குறையும். நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 100 கி.மீ. வேகத்தில் 3130 சுற்று இருந்தது 2960 ஆகும். கேட்க நன்றாக இருந்தாலும், ஏற்றம் வந்ததும் நான்காவதுக்கு இறக்க வேண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் கம்பெனி டயரோடு காட்டியதைவிட ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைத்துக் காட்டும்.

இதை ஈடுகட்ட இரண்டு வழி. ஒன்று கிரௌன் பினியன். ஆட்டோமேட்டிக் ஜிம்னியில் விகிதம் 4.300. மேனுவல் வண்டி 235 டயரோடு அந்த விகிதத்தில் ஓடினால் பழைய இழுவை கிட்டத்தட்ட அப்படியே திரும்பும். முன், பின் இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஃபோர் வீல் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, இழுவையை இரண்டுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளந்து, பல்லில் நிறம் பூசித் தடம் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையமான ஷிம் தவறினால் ஊளையிடும் சத்தம் வரும், பிறகு அது போகவே போகாது. இன்னொரு வழி டிரான்ஸ்ஃபர் கேஸில் ரிடக்ஷன் கியர். லோ ரேஞ்ச் 3 ஆனால் அந்த 36 என்பது 54 ஆகும். பாறை ஏறுபவருக்கு இதைப்போல ஒன்று இல்லை. ஊட்டி, கொல்லிமலைத் தார்ச்சாலையும் எப்போதாவது எஸ்டேட் மண்பாதையும் என்பவருக்கு வீண்.

ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் சேர்ந்து சுற்ற வைக்கும் லாக்கர் விஷயத்தில் பொறுமை தேவை. ஜிம்னியில் பிரேக் மூலம் இயங்கும் எல்.எஸ்.டி. அமைப்பு, ஃபோர் லோவில் (நான்கு சக்கர இழுவை, லோ ரேஞ்ச்) வீணாகச் சுற்றும் சக்கரத்தைப் பிடித்து எதிர்ச் சக்கரத்துக்கு இழுவை கொடுக்கிறது. பெரும்பாலான தடங்களுக்கு அதுவே போதும். அதன் குறை, சக்கரம் கொஞ்சம் சுற்றிய பிறகே வேலை செய்வது. அந்தக் கொஞ்சத்தில் ஈரமண் குழிந்துவிடும். நீண்ட நேரம் உழைத்தால் பிரேக்கும் சூடேறும். இது போதவில்லை என்றால் முதலில் பின் ஆக்சிலுக்கு ஏர் லாக்கர். ஏற்றத்தில் எடை பின்னால்தான் விழுகிறது. முன்னுக்கும் லாக்கர் போட்டு, பெரிய டயரோடு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியபடி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் உடைவது நிச்சயம்.

மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 தாரின் முன் சஸ்பென்ஷன் தனித்தனியாக இயங்கும் விஷ்போன் வகை. அங்கே உயரம் கூடினால் டிரைவ் ஷாஃப்ட் கோணமும் சி.வி. பூட்டும்தான் முதல் பலி.

சட்டம் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் மாட்டும் இரும்புக் கிராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. விபத்தானால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான். தனியார் தடங்களில் மட்டும் ஓட்டும் வண்டிக்கும், தினமும் அலுவலகம் போகும் வண்டிக்கும் இந்த இடத்தில் முடிவு வேறாகத்தான் இருக்க முடியும்.

எங்கள் வரிசை இது: முதலில் 215 ஆல் டெரெய்ன் டயரும், வண்டியின் அடிப்பாகத்தைக் காக்கும் அடித்தகடும். அது போதாதபோது 40 முதல் 50 மி.மீ. முழு கிட், கூடவே காஸ்டர் திருத்தம், இரண்டு பான்ஹார்ட் ராட், நீள பிரேக் ஹோஸ். இவற்றில் ஒன்றை வாங்கப் பணம் இல்லை என்றால் லிஃப்டைத் தள்ளிப்போடுங்கள். பின் லாக்கர், கியர் எல்லாம் அதற்கப்புறம். லிஃப்ட் எதுவும் இல்லாமல் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போகும் பழைய மஹிந்திரா ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, பாதை தேர்ந்து சக்கரத்தை வைக்கும் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்.

மாட்டிய பிறகு 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், வீல் நட் 100 நியூட்டன் மீட்டர். ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா, ஸ்பிரிங் மேல் இருக்கையில் பெயின்ட் உரிந்த தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தடம் இருந்தால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயர்கிறது, பிடித்து வைக்கும் கிளாம்ப் தேவை. ஓடை கடந்து வந்த வாரம் டிஃபரன்ஷியலின் நிரப்பும் போல்ட்டைத் திறந்து விரலால் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.